நானே வடிவமைத்த ஜாக்கெட்டை ‘அறிவுசார் சொத்துரிமை மீறல்’ என்று மூன்று முறை நிராகரித்துவிட்டார்கள். என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: முப்பரிமாண மாடல்கள் செய்யும் மென்பொருளான பிளெண்டரில் நீங்களே உட்கார்ந்து ஒரு விளையாட்டு வீரர் ஜாக்கெட் செய்தீர்கள். கருநீலத் துணி, தோளிலிருந்து மணிக்கட்டு வரை இரு கைகளிலும் மூன்று வெள்ளைக் கோடுகள், மார்பில் சொந்தமாக வரைந்த ஒரு வட்டச் சின்னம். அவதார் (விளையாட்டில் பயனரைக் குறிக்கும் உருவம்) அணியும் பொருளாக ஒரு விளையாட்டுத் தளத்தில் பதிவேற்றியதும், ‘அறிவுசார் சொத்துரிமை மீறல்’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. துணியின் நிறத்தைச் சிவப்பாக்கி மீண்டும் அனுப்பினீர்கள். இந்த முறை சில நிமிடங்களிலேயே மறுப்பு. மூன்றாவது முறை கணக்கு முடக்கப்படலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. ஆனால் ஏறக்குறைய அதே ஜாக்கெட்டை இன்னொருவர் அங்கேயே விற்றுக்கொண்டிருக்கிறார். ‘நான் எதையும் திருடவில்லை என்று எப்படி நிரூபிப்பது?’ என்று கேட்கிறீர்கள். உங்கள் ஆற்றாமை நியாயமானது. ஆனால் நிரூபிக்கும் வேலைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மீது சொல்லப்பட்டிருக்கும் குறை என்ன என்றே உங்களுக்குத் தெரியவில்லை. ‘திருடினாய்’ என்று சொல்லியிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் தயாரிக்கிறீர்கள். அவர்கள் வேறொன்றைச் சொல்லியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

நான் சில ஆண்டுகள் பயனர்களின் உருவாக்கங்களைச் சரிபார்க்கும் பணியில் இருந்தவன். அதன்பிறகு இன்றுவரை விளையாட்டுகளுக்கான உடைகளையும் பொருட்களையும் செய்து விற்கிறேன். மேசையின் இரண்டு பக்கமும் பழக்கம் உண்டு. ஆனால் நான் வழக்கறிஞர் அல்லன். பணம் பெரிதாகச் சிக்கியிருந்தாலோ, வழக்கறிஞர் அறிவிப்பு வந்திருந்தாலோ, நான் சொல்வதை மட்டும் நம்பி எதையும் செய்ய வேண்டாம். எந்த அளவு ஒற்றுமை இருந்தால் இயந்திரம் மறுக்கும் என்பதைத் தளங்கள் வெளியே சொல்வதில்லை. அதனால் கீழே வருவதில் சட்டம் தொடர்பானவற்றை உறுதியாகவும், உங்கள் ஜாக்கெட்டுக்கு நடந்ததை ஊகமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுப்பு மூன்று இடங்களிலிருந்து வரலாம். பதிவேற்றும்போதே படத்தையும் பெயரையும் ஆராயும் இயந்திரம் ஒன்று. அது சந்தேகப்பட்டதை அல்லது வரிசையில் வந்ததைப் பார்க்கும் மனிதச் சரிபார்ப்பாளர் இன்னொருவர். மூன்றாவது, பொருள் விற்பனைக்கு வந்தபின் உரிமையாளர் என்று சொல்லிக்கொள்பவர் கொடுக்கும் புகார். மூன்றுக்கும் வரும் அறிவிப்பு பெரும்பாலும் ஒரே வாசகத்தில்தான் இருக்கும், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பிரித்தறிய ஓரளவு வழி உண்டு. பொருள் விற்பனைக்கே வராமல் மறுக்கப்பட்டால் அது புகார் அல்ல. சில நிமிடங்களில் வந்த மறுப்பு பெரும்பாலும் இயந்திரத்தினுடையது. விற்பனையில் இருந்த பொருள் திடீரென மறைந்து, அறிவிப்பில் புகார்தாரர் பெயரோ புகார் எண்ணோ இருந்தால் அது மூன்றாவது வகை. உங்களுடையதில் முதல் மறுப்பு மனிதருடையதாகவும் அடுத்த இரண்டும் இயந்திரத்தினுடையதாகவும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒருமுறை மறுக்கப்பட்ட கோப்பின் அடையாளத்தைச் சேமித்துவைத்து, அதை ஒத்த கோப்பு வந்தால் உடனே தள்ளிவிடும் முறை பரவலாக உள்ளது. அந்த ஒப்பீடு வடிவத்தைப் பார்க்கும். அதனால் நீலத்தைச் சிவப்பாக்கியது எந்த உதவியும் செய்திருக்காது. மறுத்த பொருளையே தெரிந்து மீண்டும் அனுப்பியதாகப் பதிவாகி, எச்சரிக்கைக்கு வழி செய்திருக்கும்.

‘நானே செய்தேன்’ என்கிறீர்கள். அது பதிப்புரிமைக் கேள்விக்கு முழுமையான பதில். இன்னொருவரின் மாடலையோ படத்தையோ எடுக்காமல் சொந்தமாகச் செய்த ஒன்றுக்கு, செய்த கணத்திலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடும். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் வணிகச் சின்னம் தொடர்பான கேள்விக்கு அந்தப் பதில் செல்லாது. அங்கே யார் செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. பார்ப்பவர் இதை இன்ன நிறுவனத்தின் பொருள் என்று நினைத்துவிடுவாரா என்பதே கேள்வி. உங்கள் ஜாக்கெட்டின் கையில் ஓடும் மூன்று இணைகோடுகள் அடிடாஸ் நிறுவனம் உலகெங்கும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்து, விடாமல் வழக்காடிக் காத்துவருவது. நீங்கள் அதை நினைத்து வரையாமல் இருந்திருக்கலாம். அழகுக்காக வைத்திருப்பீர்கள். ஆனால் சரிபார்ப்பவருக்குத் தெரிவது உங்கள் எண்ணம் அல்ல, கோடுகள்தான்.

கோடுகளுக்குக்கூடவா உரிமை என்று கோபம் வரலாம். நீதிமன்றங்களே இதில் ஒரே குரலில் பேசவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2019 ஜூனில், அந்த நிறுவனத்தின் ஒரு மூன்று கோட்டுப் பதிவு போதிய தனித்தன்மை கொண்டதாக நிறுவப்படவில்லை என்று அதன் ரத்தை உறுதி செய்தது. 2023 ஜனவரியில் நியூயார்க் ஜூரி, நான்கு கோடுகள் போட்ட தாம் பிரவுன் என்ற ஆடை நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகவே கோடு போட்ட எல்லா உடையும் மீறல் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் வாதாடி முடிவு காணப்பட்ட ஒரு கேள்வியை, வரிசையில் அடுத்த பொருள் காத்திருக்கும்போது ஒரு சரிபார்ப்பாளர் உங்களுக்குச் சாதகமாகத் தீர்க்க மாட்டார். சந்தேகம் என்றால் மறுப்புதான். நான் அந்த இருக்கையில் இருந்தபோதும் நடைமுறை அதுவே.

அந்த இருக்கையிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன், இதுதான் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாதது. பொருளின் முகப்புப் படம், பெயர், விளக்கம், சில நேரம் சுழற்றிப் பார்க்கக்கூடிய மாடல், அதனருகே பிரித்துப் பரப்பிய டெக்ஸ்சர் படம், அதாவது மாடலின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படம். இவ்வளவுதான். உங்கள் பிளெண்டர் கோப்போ வரைவுகளோ அங்கே வராது. டெக்ஸ்சர் படம் தட்டையாக, முழுச் சதுரமாகத் தெரியும். மாடல் மீது ஒட்டும் பகுதி மட்டுமல்ல, ஒட்டாத மூலைகளும் தெரியும். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு வார்ப்புருவின் மீது வேலை செய்திருந்தால், அதில் முன்பு இருந்த ஒரு நிறுவனச் சின்னம் பயன்படாத மூலையில் அப்படியே கிடக்கக்கூடும். அவதார் மீது அது ஒருபோதும் தெரியாது. செய்தவர் மறந்தே போயிருப்பார். சரிபார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். கழுத்துப்பட்டையின் உட்புறத்தில் ‘உண்மை போல இருக்கட்டும்’ என்று வைத்த துணி லேபிள், ஜிப்பின் இழுப்பில் தெரியும் எழுத்து, மெஷ்ஷின் (மாடலின் வடிவத்தைத் தரும் வலைச் சட்டகம்) உட்பெயரில் மாதிரிக்காக இட்டு மாற்றாமல் விட்ட பிராண்டுப் பெயர், இவற்றாலும் நல்ல பொருட்கள் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் டெக்ஸ்சரை முழு அளவில் திறந்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். மறைத்துவைத்த அடுக்குகள் ஏற்றுமதியில் சேர்ந்துவிட்டனவா என்றும் பாருங்கள்.

நீங்கள் சொன்ன விளக்கக் குறிப்பிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ‘பிரபல பிராண்டுகளின் பாணியில் உருவாக்கப்பட்டது, பதிப்புரிமையை மீறும் நோக்கம் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடு எழுதியதுதான், ஆனால் அதை உடனே எடுத்துவிடுங்கள். வணிகச் சின்னக் குழப்பத்துக்கு நோக்கம் தேவையில்லை. அந்த வரி உங்களைக் காப்பாற்றாது, மாறாக நீங்கள் எதையோ பார்த்துச் செய்தீர்கள் என்று நீங்களே எழுதிக்கொடுத்ததாகப் படிக்கப்படும். தேடலில் மேலே வருவதற்காக விளக்கத்தில் பிராண்டுப் பெயர்களைச் சேர்ப்பது அதைவிட ஆபத்து. பெயரும் விளக்கமும்தான் இயந்திரத்துக்கு மிக எளிதான வேட்டை.

இந்தப் பிரிவில் வந்து விழும் மறுப்புகளில் சில உண்மையில் அறிவுசார் சொத்துரிமையே அல்ல. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை போட்ட முதலுதவிப் பெட்டி இதற்கு நல்ல உதாரணம். அந்தச் சின்னம் ஜெனீவா ஒப்பந்தங்களாலும் அவற்றை ஒட்டிய நாட்டுச் சட்டங்களாலும் பாதுகாக்கப்பட்டது. போர்க்களத்தில் மருத்துவ உதவியாளர்கள் மீது சுடக்கூடாது என்பதன் அடையாளம் அது. பிரிசன் ஆர்க்கிடெக்ட் என்ற விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு, அதில் வந்த சிறிய சிவப்புச் சிலுவைகளுக்காக பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் கடிதம் அனுப்பியது 2017-இல் செய்தியானது. அவர்கள் நிறத்தைப் பச்சையாக்கினார்கள். உங்கள் அடுத்த பொருள் மருத்துவப் பை என்று எழுதியிருப்பதால்தான் சொல்கிறேன், பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை போடுங்கள்.

தளங்கள் ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்பதையும் புரிந்துகொள்வது நல்லது, மேல்முறையீட்டின் தொனி அதைப் பொறுத்தது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லெனியம் பதிப்புரிமைச் சட்டம், பயனர்கள் ஏற்றியவற்றுக்காகத் தளம் இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை என்று ஒரு பாதுகாப்பு தருகிறது. அதற்கான நிபந்தனைகளில் ஒன்று, திரும்பத் திரும்ப மீறுபவர்களின் கணக்கை நீக்கும் கொள்கை தளத்திடம் இருக்க வேண்டும் என்பது. உங்களுக்கு வந்த எச்சரிக்கைகளின் வேர் அங்கே இருக்கிறது. வணிகச் சின்னத்துக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. 2004-இல் மார்வெல் நிறுவனம், சிட்டி ஆஃப் ஹீரோஸ் விளையாட்டில் பயனர்கள் மார்வெலின் நாயகர்களைப் போலப் பாத்திரங்களை உருவாக்க முடிகிறது என்று அந்த விளையாட்டின் நிறுவனமான என்சிசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. மார்வெல் காட்டிய சான்றுகளில் சில, அவர்கள் தரப்பே விளையாட்டில் நுழைந்து உருவாக்கிய பாத்திரங்கள் என்பதால் நீதிமன்றம் அவற்றை நீக்கியது. 2005-இல் சமரசமானது. 2014-இல் கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற விளையாட்டில் பயனர்கள் வடிவமைத்த ‘ஹவுல்’ என்ற துப்பாக்கி ஸ்கின் (துப்பாக்கியின் மேற்பூச்சு வடிவமைப்பு), படம் வேறொருவருடையது என்று தெரியவந்து மாற்றப்பட்டது; அனுப்பியவர்கள் தடைசெய்யப்பட்டனர். 2021-இல் அமெரிக்க இசை வெளியீட்டாளர்கள் பயனர்கள் ஏற்றிய பாடல்களுக்காக ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளத்தின் மீது 20 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு, சில மாதங்களில் சமரசம் செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே அந்தத் தளம், தன் அடையாளமாகவே மாறிப்போயிருந்த, பாத்திரம் இறக்கும்போது கேட்கும் ‘ஊஃப்’ ஒலியை உரிமச் சிக்கலால் நீக்கியது. இப்படிச் சூடுபட்டவர்கள் உங்கள் ஒரு ஜாக்கெட்டைத் தவறாக மறுத்தால் அவர்களுக்கு நட்டமில்லை. தவறாக அனுமதித்தால் உண்டு. இது உங்களுக்கு நியாயம் செய்வதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். காரணத்தைக்கூடச் சொல்லாமல் ஒருவரின் பல வார உழைப்பைத் திருப்பி அனுப்புவதை நான் இன்றும் தவறு என்றே கருதுகிறேன்.

அந்த இன்னொருவரின் ஜாக்கெட்டை மறந்துவிடுங்கள். அது விதிகள் மாறுவதற்கு முன் வந்ததாக இருக்கலாம், உரிமம் பெற்றதாக இருக்கலாம், இன்னும் யார் கண்ணிலும் படாததாக இருக்கலாம். மேல்முறையீட்டில் அதைச் சுட்டிக்காட்டினால் நடக்கக்கூடியது ஒன்றுதான்: அதுவும் நீக்கப்படும், உங்களுடையது அப்படியே இருக்கும்.

மேல்முறையீடு எழுதும்போது கோபத்தையும் கதையையும் விலக்குங்கள். படிப்பவருக்கு நேரம் மிகக் குறைவு. தளத்தின் மொழியில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஐந்தாறு வரிகள் போதும். சாரம் இப்படி இருக்கட்டும்: ‘பொருள் எண் இது, மறுக்கப்பட்ட நாள் இது. மெஷ்ஷும் டெக்ஸ்சரும் நானே உருவாக்கியவை. படிப்படியான படங்களை இணைத்துள்ளேன். துணி நெசவுக்கான படம் இந்தத் தளத்தில் இந்த உரிமத்தின்கீழ் பெறப்பட்டது. மார்புச் சின்னம் என் சொந்த வரைவு. மறுப்புக்குக் காரணம் கைகளில் உள்ள கோடுகளா, சின்னமா, பெயரா என்று தெரிவித்தால் அந்தப் பகுதியை மாற்றி அனுப்புகிறேன்.’ கடைசி வரிதான் முக்கியம். ‘ஏன் மறுத்தீர்கள்?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். மூன்று வாய்ப்புகளை முன்வைத்து எது என்று கேட்டால், அவற்றில் ஒன்றைத் தொட்டுச் சொல்வது பதில் எழுதுபவருக்கு எளிது. எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கண்ட வழிகளில் மற்றவற்றைவிட அதிகம் பலித்தது இதுவே.

சான்றுக்கு, பிளெண்டர் தானாகச் சேமிக்கும் முந்தைய பதிப்புகள், அடுக்குகளோடு கூடிய மூலப் படக் கோப்பு, காகித வரைவின் புகைப்படம், இவை போதும். துணி நெசவுப் படத்தின் உரிமத்தை மறுபடியும் படியுங்கள். படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் வகை ஒன்று உண்டு. விற்கும் பொருளில் அதைப் பயன்படுத்த முடியாது. ‘இலவசம்’ என்று ஏற்றியவரே அதை ஏதாவதொரு விளையாட்டிலிருந்து உருவியெடுத்து ஏற்றியிருந்தால், அவர் கொடுத்த உரிமத்துக்கு மதிப்பே இல்லை. ஏற்றியவரின் மற்றப் பொருட்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிரபல விளையாட்டுகளின் பாத்திரங்கள் வரிசையாக இருந்தால் விலகிவிடுவது நல்லது.

உங்கள் பொருள் விற்பனைக்கு வந்தபின் புகாரால் நீக்கப்படும் நிலை பின்னால் எப்போதாவது வந்தால், வழி வேறு. பதிப்புரிமைப் புகாராக இருந்தால், நான் மேலே சொன்ன அமெரிக்கச் சட்டத்தில் எதிர் அறிவிப்பு கொடுக்கும் உரிமை இருக்கிறது. தவறுதலாகவோ, பொருளைத் தவறாக அடையாளம் கண்டதாலோ நீக்கப்பட்டது என்று நம்புவதாகப் பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு உறுதியளித்து, பெயர், முகவரி, தொலைபேசி எண் கொடுத்து, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும். அதன்பின் புகார்தாரர் வழக்குத் தொடராவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பொருளைத் திருப்பி வைப்பதே நடைமுறை. அந்த அறிவிப்பின் நகல், உங்கள் முகவரியோடு, புகார்தாரருக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம். இந்த வேலையில் பள்ளி மாணவர்கள் ஏராளம். 18 வயது நிறையாதவர்கள் பெற்றோரிடம் சொல்லாமல் இதைச் செய்யவே கூடாது. வணிகச் சின்னப் புகாருக்கு இந்த எதிர் அறிவிப்பு கிடையாது. பதிவேற்றும்போதே வந்த உங்கள் மறுப்புக்கும் பொருந்தாது, அது தளத்தின் விதிப்படி எடுத்த முடிவு. ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் பிடி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. நீக்கத்துக்குத் தெளிவான, குறிப்பிட்ட காரணத்தைத் தளம் எழுத்தில் தர வேண்டும் என்கிறது அதன் 17-ஆவது பிரிவு. மேல்முறையீட்டில் அந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் ஜாக்கெட் பற்றி என் கணிப்பு: கோடுகளே காரணம், விளக்கக் குறிப்பு அதை மோசமாக்கியது. மார்புச் சின்னத்தில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. எச்சரிக்கை வந்துவிட்டதால் சோதித்துப் பார்ப்பதற்காக இன்னொரு முறை பதிவேற்றும் நிலையில் நீங்கள் இல்லை. முதலில் மேல்முறையீட்டை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். அதுவரை அந்தக் கோப்பையோ அதன் சாயலையோ தொடாதீர்கள். பதில் வராவிட்டாலும், வந்தும் மறுப்பாகவே இருந்தாலும், கோடுகளை மூன்றிலிருந்து நான்காக்கியோ சற்றுச் சாய்த்தோ சமாளிக்கப் பார்க்க வேண்டாம். கையின் வடிவமைப்பையே மாற்றுங்கள். தோளில் மாற்று நிறத் துணிப்பட்டை, முழங்கையில் ஒட்டுத் துணி, மணிக்கட்டில் பின்னல் என்று நீங்கள் காட்டிய வரைவுகளிலேயே மூன்று நல்ல யோசனைகள் கிடக்கின்றன. எனக்கு முழங்கை ஒட்டுத் துணிதான் பிடித்திருக்கிறது. டெக்ஸ்சரை வெற்றுச் சதுரத்திலிருந்து புதிதாக ஏற்றுமதி செய்யுங்கள், பொருளுக்குப் புதிய பெயர் வையுங்கள், விளக்கத்தில் துணியையும் நிறத்தையும் மட்டும் எழுதுங்கள். படம், மெஷ், முழுப்பொருள் ஆகியவற்றைத் தனித்தனியாகச் சரிபார்க்கும் தளமாக இருந்தால் டெக்ஸ்சர் படத்தை முதலில் அனுப்பி, அது தேறியபின் மற்றவற்றை அனுப்புங்கள். என்ன நடந்தாலும் வேறொரு கணக்கைத் தொடங்கி அதில் பதிவேற்றாதீர்கள். தடையைத் தாண்ட முயன்றதாக அது பதிவானால், அதன்பின் எந்தச் சான்றை வைத்தும் மேல்முறையீட்டில் உங்களுக்காகப் பேச ஆள் இருக்காது.